பழைய காரின் சஸ்பென்ஷன்: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டறிந்து வீட்டிலேயே சரிசெய்யும் வழிமுறை

ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய சிறிய கார் ஒன்று பள்ளத்தில் இறங்கும்போது "டொக்" என்று ஒலித்தால், பட்டறையில் முதலில் காதில் விழுவது பெரும்பாலும் "ஷாக் போயிடுச்சு" என்ற தீர்ப்புதான். என் 2007ஆம் ஆண்டு ஸ்விஃப்டுக்கும் அதே தீர்ப்புதான் கிடைத்தது. முன்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் மாற்றிக்கொண்டு வீடு திரும்பும் வழியில், முதல் பள்ளத்திலேயே அதே சத்தம் அதே இடத்திலிருந்து வந்தது. பழுதாகியிருந்தது விரல் தடிமன்கூட இல்லாத ஒரு லிங்க் ராட் (வண்டியின் சாய்வைக் குறைக்கும் கம்பியின் முனையைப் பிடிக்கும் சிறு தண்டு) என்பது, நானே வண்டியைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சக்கரங்களை வண்டியின் உடலோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பே சஸ்பென்ஷன். அதில் ஷாக் அப்சார்பரின் வேலை ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது. அது தேய்ந்தால் வண்டி துள்ளும், வளைவில் சாயும், பிரேக் பிடித்தால் மூக்குக் குத்தும். சத்தம் எழுப்புவது அரிது. சத்தத்தில் பெரும்பங்கு இரும்பும் இரும்பும் உரசாமல் காக்கும் ரப்பர் புஷ்களிலிருந்தும், உள்ளே குண்டு சுழலும் இணைப்புகளிலிருந்தும் வருகிறது. ஆகவே பொருளை வாங்குவதற்கு முன் அறிகுறியைப் பிரித்துப் பார்ப்பதே வேலையின் பெரும்பகுதி. கழற்றி மாட்டுவது அதற்குப் பிறகு வருவது.

இங்கே எழுதியிருப்பது 2005இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஸ்விஃப்ட் போன்ற முன்சக்கர இயக்கக் கார்களுக்கு உரியது. இவற்றின் முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக அமைந்த மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டும், பின்பக்கத்தில் இரு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீமும் இருக்கும். அமெரிக்கப் பொறியாளர் எர்ல் மெக்ஃபர்சனின் பெயரைத் தாங்கிய இந்த ஸ்ட்ரட் 1950இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஃபோர்டு கான்சலில் இடம்பெற்றது. இன்று நம் தெருவில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் அதே அமைப்புதான்.

முதலில் விலக்க வேண்டியவை

டிக்கியில் இருக்கும் ஜாக்கி, ஸ்பேனர் பை, ஸ்டெப்னி ஆகியவற்றை இறக்கி வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் பின்பக்கச் சத்தம் என்று வரும் புகார்களில் சில இந்த இடத்திலேயே முடிந்துவிடும். அடுத்து, சத்தம் வரும் கரடுமுரடான சாலையில் மெதுவாகச் செல்லும்போது இடது காலால் பிரேக்கை மிக லேசாக அழுத்துங்கள். அந்த நொடியில் லொடலொடப்பு நின்றுபோனால், ஆடுவது பிரேக் தட்டைக் கவ்வும் காலிப்பரோ, அதிலுள்ள உராய்வுப் பட்டையான பேடோதான். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்களையும் கையால் ஆட்டிப் பார்த்துவிட வேண்டும். கியர் மாற்றும்போதும் கிளட்ச் விடும்போதும் மட்டும் அடி விழுந்தால், சஸ்பென்ஷனை விட்டுவிட்டு எஞ்சினைத் தாங்கும் ரப்பரான எஞ்சின் மவுண்ட்டைப் பாருங்கள். டயர் காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி வைத்த பிறகே மற்ற எந்த முடிவுக்கும் வரலாம்.

வண்டியைத் தூக்கும் இடம் சமதளமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். வீட்டு முன்வாசலின் சாய்தளத்தில் இந்த வேலையைச் செய்யக்கூடாது. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. அதன் மேல் நிற்கும் வண்டியின் அடியில் கையைக்கூட நீட்டக்கூடாது. தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டுகள் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டுக்கு மாற்று அல்ல, ஏனெனில் அவை எச்சரிக்கை எதுவும் தராமல் ஒரே நொடியில் நொறுங்குபவை. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும்.

ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது "டொக் டொக்"

இதுதான் எல்லாவற்றிலும் அதிகமாகக் காணப்படும் அறிகுறி. பிழையாகப் படிக்கப்படுவதும் இதுவே. இரண்டு முன்சக்கரங்களும் ஒரே சமயத்தில் ஏறி இறங்கும் அகலமான வேகத்தடையில் வண்டி சத்தமின்றிப் போகிறதா, ஆனால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியிலோ மேன்ஹோல் மூடியிலோ ஏறும்போது தட்டுகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் வளைவில் சாய்வைக் குறைக்க இரு பக்கங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியும், அதன் முனைகளை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடுகளுமே முதல் சந்தேகத்துக்கு உரியவை. இரு சக்கரங்களும் வெவ்வேறு அளவில் ஏறி இறங்கும்போதுதான் அந்தக் கம்பி முறுக்கப்படுகிறது. இரண்டும் சேர்ந்து அசையும்போது அது முறுக்கம் எதுவுமின்றிச் சும்மா சுழல்கிறது.

லிங்க் ராடைச் சோதிக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஏமாந்து போவீர்கள். ஒரு சக்கரம் தொங்க, மறு சக்கரம் தரையில் நின்றால் கம்பி முறுக்கேறி லிங்க்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்துபோன இணைப்புகூட அந்த நிலையில் கெட்டியாகத் தெரியும். இரண்டு முன்சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, லிங்க்கைக் கையால் பிடித்து அதன் நீளவாக்கில் மேலும் கீழும் உலுக்க வேண்டும். விரலில் "டக்" என்று உணர்ந்தால் போதும். சந்தேகம் நீங்கவில்லையென்றால், இரண்டு லிங்க்குகளையும் கழற்றிவிட்டு, கம்பியின் முனைகள் எதிலும் மோதாதபடி ஒயரால் கட்டி, தெருவுக்குள் மட்டும் மிக மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் மறைந்தால் விடை கிடைத்துவிட்டது. இந்தச் சோதனையை மாருதி 800 போன்ற பழைய அமைப்புகளில் செய்யக்கூடாது: அவற்றில் ஸ்டெபிலைசர் கம்பியே லோயர் ஆர்மை (சக்கரத்தின் அடிப்பகுதியை வண்டியின் உடலோடு இணைக்கும் கை) முன்பின் நகராமல் பிடித்து வைத்திருப்பதால், அதைக் கழற்றினால் சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்காது.

லிங்க் ராடை மாற்றுவது ஒரு பக்கத்துக்கு அரைமணி நேர வேலை, துரு சம்மதித்தால். நட்டைத் திருப்பும்போது குண்டோடு சேர்ந்து தண்டும் சுழலும். அதைத் தடுக்கத் தண்டின் முனையில் இருக்கும் அறுகோணக் குழியில் ஆலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்து, மரையைக் கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டால் பாதிச் சண்டை மிச்சம். ஆலன் குழி தேய்ந்துபோனால் நட்டை ரம்பத்தால் அறுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எப்படியும் புதியதைப் போடப்போகிறோம் என்பதால் அதற்காக வருந்தவும் வேண்டியதில்லை.

பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு அடி. அல்லது ஒரு பக்கம் இழுத்தல்

நடக்கும் வேகத்தில் முன்னே சென்று சட்டென்று பிரேக் பிடியுங்கள். பிறகு ரிவர்சில் அதையே செய்யுங்கள். திசை மாறும் ஒவ்வொரு முறையும் தெளிவாக ஒரே ஓர் அடி விழுந்தால் லோயர் ஆர்மின் புஷ், அதிலும் ஆர்மின் பின்முனையில் உள்ள பெரிய புஷ், கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரேக்கின் விசையில் பெரும்பங்கை வண்டியின் உடலுக்குக் கடத்துவது அந்த ரப்பர்தான். வண்டி தூக்கப்பட்டிருக்கும்போது, ஆர்முக்கும் அது பொருந்தியிருக்கும் சட்டத்துக்கும் நடுவே கடப்பாரையின் முனையைக் கொடுத்து மெல்ல நெம்பினால், நல்ல புஷ் சற்றே அமுங்கி மீளும். கெட்ட புஷ்ஷில் விரிசல் வாய் திறந்து காட்டும். மேற்பரப்பில் மயிரிழை விரிசல் மட்டும் இருந்தால் அவசரம் இல்லை. ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருந்தால் தள்ளிப்போடக்கூடாது.

பழைய புஷ்ஷைத் தள்ளி எடுத்துப் புதியதை ஏற்றுவதற்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். வீட்டில் வைஸிலும் சுத்தியலிலும் முயன்று ஆர்மை வளைத்தவர்கள் உண்டு. புஷ்ஷும், ஆர்மின் வெளிமுனையில் உள்ள குண்டு இணைப்பான பால் ஜாயிண்ட்டும் சேர்ந்தே வரும் முழு ஆர்மை வாங்குவதுதான் வீட்டு வேலைக்கு ஏற்றது என்பது என் கருத்து. ஆர்மை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ஏற்றுவதென்றால், பழைய புஷ்ஷின் ரப்பரில் உள்ள வெற்றிடங்கள் எந்தத் திசையில் இருந்தன என்பதை ஆர்மின் மேல் குறித்துக் கொடுத்தனுப்புங்கள். திசை மாறினால் புதிய புஷ் சில மாதங்களில் கிழியும்.

இனிச் சொல்வதுதான் இந்த வேலை முழுவதிலும் அதிகம் மீறப்படும் விதி. ஆர்மின் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுதியாக முறுக்கக்கூடாது. புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டப்பட்டது. அது வழுக்குவதில்லை, முறுக்கிக்கொண்டு மீள்கிறது. போல்ட்டை முறுக்கும் கணத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுவே ரப்பரின் ஓய்வு நிலையாகிவிடும். தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், நின்றுகொண்டிருக்கும்போதே ரப்பர் முறுக்கிய துணி போல் இருக்கும். குழியில் இறங்கும்போது அந்த முறுக்கு எல்லை மீறிக் கிழியும். "ஒரிஜினல் போட்டும் ஆறு மாதத்தில் போய்விட்டது" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் காரணம் ஒளிந்திருக்கும். போல்ட்டுகளை முதலில் கைமுறுக்காக விட்டுவிட்டு, சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கி, முன்பின் சற்றே உருட்டி அமரவிட்டு, அதன் பிறகே முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். அடியில் கை எட்டாவிட்டால், ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் ஆர்முக்கு அடியில் பால் ஜாயிண்ட் ஓரமாக இன்னொரு ஜாக்கியைக் கொடுத்து, வண்டி ஸ்டாண்டிலிருந்து இம்மி எழும்பப் பார்க்கும் வரை உயர்த்தி, அந்த நிலையில் முறுக்கலாம்.

தூக்கிய சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம்

சக்கரத்தின் மேலும் கீழும், அதாவது கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், உடனிருப்பவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது ஸ்ட்ரட்டின் இணைப்பு. பேரிங் என்றால் ஓடும்போது வேகத்தோடு ஏறும் ரீங்காரமும் கூடவே இருக்கும். 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் அது ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டின் வெளிமுனையான டை ராட் எண்டோ, அதற்கு உள்ளே ரப்பர் உறைக்குள் இருக்கும் உள்முனையான ராக் எண்டோ. உறையின் மேல் விரல் வைத்து ஆட்டச் சொன்னால் எது என்று பிரித்துவிடலாம்.

மெக்ஃபர்சன் அமைப்பில் வண்டியின் எடையை ஸ்ட்ரட் தாங்குகிறது. கீழே இருக்கும் பால் ஜாயிண்ட் வழிகாட்ட மட்டுமே செய்கிறது. ஆகவே சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஆர்முக்கும், சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டான நக்கிளுக்கும் நடுவே நெம்பினால் அதன் தேய்மானம் வெளிப்படும். ஆட்டம் உறுதியானால் வண்டியை எடுக்காதீர்கள். மற்ற பழுதுகள் தொல்லை தருபவை. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் வெளிப்புறமாக மடிந்து வண்டி தரையில் அமர்ந்துவிடும்.

பல சிறிய கார்களில் பால் ஜாயிண்ட்டின் தண்டை நக்கிளில் ஒரு குறுக்குப் போல்ட் கவ்விப் பிடித்திருக்கும். அந்தப் போல்ட்டை முழுவதுமாக உருவிவிட்டு, நக்கிளின் பிளவில் ஆப்பை மெல்லக் கொடுத்து இம்மியளவு விரித்தால் தண்டு இறங்கிவிடும். டை ராட் எண்ட் கூம்பு வடிவத் தண்டு. அதற்கு நட்டைச் சில மரைகள் மட்டும் விட்டுவைத்து, நக்கிளின் காதைப் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு முறை உறுதியாக அடித்தால் கூம்பு விடுபடும். தண்டின் முனையில் அடித்து மரையைக் கெடுத்துவிடக்கூடாது. பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளிவருகிறது என்று எண்ணி, புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றினால் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் மையம் வரையாவது வண்டி நேராகப் போகும். நைலான் வளையம் உள்ள நட்டுகளையும், நட்டு சுழலாமல் தடுக்கும் காட்டர் பின்களையும் மறுபடி பயன்படுத்தக்கூடாது.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் "டொய்ங்"

ஸ்ட்ரட்டின் உச்சியில் ரப்பர் மவுண்ட்டும் அதன் அடியில் பேரிங்கும் இருக்கின்றன. பேரிங் இறுகிவிட்டால், ஸ்டீயரிங் திரும்பும்போது ஸ்பிரிங் சுழலாமல் முறுக்கிக்கொண்டு, ஒரு கட்டத்தில் சட்டென்று விடுபடும். அந்தத் தந்தி ஒலி அதுதான். வளைவிலிருந்து மீளும்போது ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராமல் சோம்புவதும் இதன் அறிகுறி. வேறொருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை லேசாக வைத்தால் அந்தத் துள்ளலை உணரலாம். சுற்றுகளுக்கு இடையே விரல் போகக்கூடாது. மவுண்ட்டும் பேரிங்கும் விலை குறைந்தவை, உழைப்பு அதிகம் கேட்பவை. ஆகவே எந்தக் காரணத்துக்காக ஸ்ட்ரட் கீழே இறங்கினாலும் இவற்றையும் புதிதாகப் போட்டுவிட வேண்டும்.

துள்ளல், மிதத்தல், டயரில் குழிக்குழியான தேய்வு

இப்போதுதான் ஷாக் அப்சார்பரின் முறை. பானெட் ஓரத்தை அழுத்தி விட்டால் வண்டி ஒருமுறை எழுந்து அமர வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் முடிந்துவிட்டது. ஆனால் இந்தச் சோதனையில் தேறிவிட்டதாலேயே ஷாக் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் கையால் தரும் மெதுவான அசைவும் நெடுஞ்சாலையில் பள்ளம் தரும் அடியும் ஒன்றல்ல. ஷாக்கின் உடலில் தூசி படிந்த மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. ஈரமாக வழிந்திருந்தால் மாற்ற வேண்டும். டயரின் மேல் கையை ஓட்டினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுவது இன்னொரு சாட்சி. ஷாக்கைத் துளையிட்டு எண்ணெய் நிரப்பி வெல்டிங் வைத்துத் தரும் ரீகண்டிஷன் வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே தேய்ந்திருப்பது வால்வும் சீலும்; எண்ணெய் அவற்றைத் திருத்தாது. ஒரே அச்சின் இரண்டு ஷாக்குகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது உயிருக்கே ஆபத்தான இடம் ஒன்று உண்டு. ஓர் முன்சக்கரத்தின் ஸ்பிரிங் வண்டி நிற்கும்போதே ஏறத்தாழ 250 முதல் 300 கிலோ எடையைத் தாங்குகிறது. கழற்றிய ஸ்ட்ரட்டுக்குள்ளும் அது அழுந்திய நிலையிலேயே இருக்கும். உச்சியில் தெரியும் நடு நட்டைத்தான் அது நம்பியிருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரசரால் சுருளை இறுக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் மவுண்ட் குண்டு போல் பாயும். மேல்பகுதியை உடலோடு பொருத்தும் முறை காருக்குக் கார் மாறும் என்பதால், எந்த நட்டை எப்போது தொடலாம் என்பதை உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், லிங்க் ராட் ஆகியவற்றை ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்து, நக்கிளோடு இணைக்கும் இரு போல்ட்டுகளின் இருப்பைப் பெயின்ட்டால் குறித்துக்கொண்டு அவற்றை உருவ வேண்டும். உடனே நக்கிளை ஒயரால் கட்டிவிடுங்கள். அது வெளிப்புறம் சாய்ந்தால் பிரேக் ஹோஸ் இழுபடும், எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்மூட்டும் கழன்றுவிடும். கம்ப்ரசரின் இரண்டு கொக்கிகளை நேரெதிராக மாட்டி, இருபுறமும் மாறி மாறிச் சில சுற்றுகளாக, ஸ்பிரிங் இரு இருக்கைகளிலும் தளர்ந்து ஆடும் வரை இறுக்கிய பிறகே நடு நட்டைக் கழற்றலாம். இந்த ஒரு கட்டத்தில் தயக்கம் இருந்தால், கழற்றிய ஸ்ட்ரட்டைச் சுவரில் பொருத்திய கம்ப்ரசர் உள்ள பட்டறைக்கு எடுத்துச் சென்று ஸ்பிரிங்கைப் புதிய ஷாக்குக்கு மாற்றி வாங்கி வருவதில் எந்தக் குறைவும் இல்லை. நான் முதல் முறை அப்படித்தான் செய்தேன். புதிய ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, தண்டை நான்கைந்து முறை முழுவதுமாக அழுத்தி இழுத்து, உள்ளே தங்கியிருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகு கோக்க வேண்டும். ஷாக் முழுவதும் அழுந்தும்போது மோதலைத் தாங்கும், நொறுங்கிப்போன பம்ப் ஸ்டாப்பையும் தூசி உறையையும் மாற்றுங்கள்; தண்டை மணலிலிருந்து காப்பது அந்த உறைதான். ஸ்பிரிங்கின் கீழ்முனை இருக்கையின் படியில் சரியாக முட்டி நிற்க வேண்டும்.

வண்டி ஒரு பக்கம் தாழ்ந்திருத்தல்

சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு இடங்களிலும் அளந்து எழுதுங்கள். ஒரு பக்கம் தெளிவாகக் குறைந்தால் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை விளக்கடித்துப் பாருங்கள். கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகளில் பெயின்ட் உரிந்து துருப்பிடித்த இடத்தில் அது உடைந்திருக்கக்கூடும். தாழ்ந்த வண்டியை உயர்த்துவதற்கென்று சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர்கள் விற்கப்படுகின்றன. அவை சில சுற்றுகளை வேலை செய்யவிடாமல் தடுத்து, சுமையை மீதிச் சுற்றுகளின் மேல் ஏற்றுகின்றன. தளர்ந்த ஸ்பிரிங்குக்கு மருந்து புதிய ஸ்பிரிங்.

"கீச்" என்ற ஒலி

வேகத்தடையில் கீச்சிடும் வண்டியின் ஸ்டெபிலைசர் கம்பியைப் பிடிக்கும் புஷ்களில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். சிறிது நேரம் ஒலி அடங்கினால் அங்கேதான் காரணம். புஷ் மலிவானது, மாற்றிவிடலாம். அதுவரை சிலிகான் கிரீஸ் போதும். சர்வீஸ் முடிந்ததும் வண்டியின் அடியில் டீசலும் கழிவு ஆயிலும் அடித்து அனுப்பும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கிக் கெடுக்கும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பின்பக்கம்

ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக நிற்கும் பின்பக்க அமைப்பில் வேலை எளிது. வண்டியை உடலின் தூக்கும் புள்ளிகளில் ஸ்டாண்டில் நிறுத்தி, பீமின் அடியில் ஜாக்கியைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, ஷாக்கின் கீழ்ப் போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தானே தளர்ந்து கைக்கு வரும். பீம் இறங்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள். பின்பக்க "டொக்" ஒலிக்கு ஷாக்கின் மேல் ரப்பரே பெரும்பாலும் காரணம். வளைவில் வண்டியின் பின்புறம் சற்றுத் தாமதமாகத் திரும்புவது போலத் தோன்றினால் பீமின் பெரிய புஷ்களைப் பாருங்கள். அவற்றை மாற்றப் பிரஸ்ஸும் தனிக் கருவியும் தேவை என்பதால் அந்த ஒரு வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடலாம். பின்பக்கப் புஷ் போல்ட்டுகளுக்கும் முன்னே சொன்ன விதிதான்: வண்டியின் எடை இறங்கிய பிறகே இறுதி முறுக்கு.

மாட்டிய பிறகு

ஸ்ட்ரட், ஆர்ம், டை ராட் எண்ட் இவற்றில் எதைத் தொட்டிருந்தாலும் வீல் அலைன்மென்ட் அவசியம். நக்கிள் போல்ட்டின் துளையில் இருக்கும் சிறு இடைவெளியே சக்கரத்தின் சாய்வை மாற்றப் போதுமானது. புதிய ரப்பர்கள் அமர்வதற்காக முதலில் ஓரிரு நாள் நிதானமாக ஓட்டிவிட்டு, அதன் பிறகு அலைன்மென்டுக்குக் கொண்டு செல்லுங்கள். சோதனை ஓட்டத்துக்கு முன் பிரேக் பெடலை அழுத்திப் பார்ப்பதும், ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்பி ஹோஸும் ஒயரும் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்வதும் தவறக்கூடாதவை. 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளையும், கழற்றி மாட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை சரிபார்த்து, சரிபார்த்தவற்றின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பின்னாளில் ஏதேனும் நட்டு தளர்ந்தால் அந்தக் கோடு விலகியிருப்பது, குனிந்து பார்த்த உடனே கண்ணில் படும்.